லெந்துக்கு விட்ட நீச்சல்

மாத்திரை டப்பாவை ஞாயிறு, திங்கள் என்று அறை பிரித்து வைத்துக்கொண்டிருக்கிற என் வயசுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியிலேயே போனை எடுத்துப் பார்ப்பார்கள்.

போன வாரம் முழங்காலைக் காட்டப் போயிருந்தேன். என் மகன் வயசில் ஒரு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நீச்சலுக்குப் போங்கள் ஆன்ட்டி, மூட்டுக்குப் பாரம் இல்லை, மூச்சுக்கும் நல்லது, ஆனால் விடாமல் போகவேண்டும் என்று இந்தியில் சொன்னான். என்னமோ அவன்தான் தண்ணீரைக் கண்டுபிடித்த மாதிரி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் என்ன செய்வான் பாவம். இதே வார்த்தைகளை என் சின்ன வயசில் இன்னொரு டாக்டர் எங்கம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு புனேயில், கோர்படி என்கிற இடத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அப்பா ராணுவ டிப்போ ஒன்றில் கிளார்க். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேம்பில், கன்டோன்மென்ட் பகுதியை அப்படித்தான் சொல்வோம், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவள்தான் டீச்சர். எது சரி எது தப்பு என்று அவள் சொல்லிவிட்டால் அப்பாவே வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் நான், தத்தித் தத்தி நடக்கிற தம்பி, அம்மா.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு உடம்பு பெருத்துவிட்டது. அதோடு இழுப்பு வேறு. எங்கள் வேதக் கோவிலுக்குப் போக ரயில் பாலம் ஏறி இறங்கவேண்டும். பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கீழே எஞ்சின் புகை வந்தால் தொலைந்தது. நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

கேம்பில் ஒரு பார்சி டாக்டரம்மா இருந்தார்கள். முழங்கால் வரைக்கும் கவுன், குட்டை முடி, ஆம்பிளைக் குரல். அம்மாவின் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "ஸ்விம்மிங் தெரியுமா?" என்றார்கள். அம்மா பயந்துபோய் இல்லை என்று தலையை ஆட்டினாள். "தெரியாட்டி கத்துக்கோ. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல. பல் தேய்க்கிற மாதிரி. தினமும் போனா மூச்சு நீளும். நிறுத்தினா பழையபடி சுருங்கிடும்." எல்லாம் பார்சி வாடை அடிக்கிற இந்தியில். அம்மாவுக்குப் பாதி புரிந்தது. மீதியை நான்தான் சொன்னேன்.

வீட்டில் அன்று சாயங்காலம் ஒரு வழக்காடுமன்றமே நடந்தது. "மருந்துன்னா குடிக்கணும், இல்ல தேய்க்கணும். இதென்ன குதிக்கிற மருந்து" என்றார் அப்பா. அவருக்குத் தண்ணீர் என்றால் தொட்டியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதோடு சரி. அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது யாரும் பேசக்கூடாது.

"டாக்டர் சொன்னா அது மருந்து. மருந்துக்கு வெக்கம் கெடையாது. போயிட்டு வரட்டும்" என்றாள்.

அதோடு தீர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் காரியத்துக்கு மருந்து என்றே பெயர். அம்மா பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளிடம் தம்பியை விட்டுவிட்டு, "மருந்துக்குப் போயிட்டு வாரேன்" என்பாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மருந்தாச்சா?" என்பார். ஆச்சு என்பாள் அம்மா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

நீச்சல் குளத்தைப் புனேயில் டேங்க் என்றுதான் சொல்வோம். கேம்புக்குப் போகிற வழியில் ஒன்று இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்களுக்கு என்று ஒரு மணி நேரம். எனக்குக் காலைப் பள்ளிக்கூடம் என்பதால் நானும் கூடப் போவேன். உள்ளே நுழைந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறும். இன்றைக்கும் யாராவது தரை கழுவினால் எனக்கு அந்த டேங்க்தான் ஞாபகம் வருகிறது. ஈரச் சிமெண்டுத் தரை, தகரக் கதவு வைத்த உடை மாற்றுகிற அறை, குளிர்ந்த ஷவர். ஒரு நாற்காலியில், சேலையைக் கச்சம் வைத்துக் காஷ்டா கட்டின மராத்திக்காரி ஒருத்தி விசிலோடு உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் அவளை மாவுஷி என்றே கூப்பிடுவோம், சித்தி என்கிற மாதிரி.

நீச்சல் உடுப்பு போட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்பது சட்டம். கடையில் தொங்குகிற உடுப்பைப் பார்த்துவிட்டு அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தானே தைத்தாள். எதில் என்கிறீர்கள்? அப்பாவின் பழைய குடைத்துணியில். தண்ணீர் படத்தானே குடை, அதுதான் கெட்டித்துணி என்று அவளுக்குக் கணக்கு. முழங்கை வரைக்கும் கை, முழங்கால் வரைக்கும் கால், மேலே ஒரு சின்னப் பாவாடைச் சுற்று. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினாள். ஐந்து நிமிஷத்தில் அவளைச் சுற்றித் தண்ணீர் கருப்பாகிவிட்டது. மாவுஷி விசிலை ஊதினாள் பாருங்கள், கேம்ப் முழுக்கக் கேட்டிருக்கும். பார்சிக்காரிகள் இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா காலில் கையில் எல்லாம் மை வழிய நின்றாள். மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் மெரூன் டெரிலின் துணியில் அதே மாதிரி இன்னொன்று தைத்துக்கொண்டு வந்து நின்றாள். எங்கம்மாவை எனக்கு அன்றைக்குத்தான் முதலில் தெரிந்தது.

யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தாள். அப்புறம் சுவரை விட்டாள், குடித்தாள், இருமினாள், மறுபடி பிடித்தாள். எனக்குத் தண்ணீரில் மிதக்கப் பிரியமில்லை. ஆழமில்லாத பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலம் முடிவதற்குள் குறுக்கே போய்விட்டாள். குளிர்காலத்தில் மற்ற பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள், அம்மா போனாள். பல் கிட்டித்துப் போகும், உதடு நீலமாகும், போவாள். பொங்கலுக்கு நீளவாக்கில் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். வேகம் எல்லாம் கிடையாது. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாவு பிசைகிற மாதிரி கையை விரித்து விரித்து, நிதானமாகப் போவாள். அந்த ஒரு மணி நேரம் நான் கூப்பிட்டாலும் கேட்காது. முகத்தில் கவலை, யோசனை, நாளைக்கு என்ன குழம்பு என்கிற கணக்கு, ஒன்றும் இருக்காது. வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது அகோரப் பசி பசிக்கும். ஈரத்துணி ஒயர் கூடையில் சொட்டிக்கொண்டே வரும். வழியில் இரானி கடையில் பன் மஸ்காவும் டீயும் வாங்கித் தருவாள். மஸ்கா என்றால் வெண்ணெய், பன்னை வெட்டி இரண்டு பக்கமும் தடவியிருப்பான். "மருந்து குடிச்சா வாய்க்கு இனிப்பு வேணும்லா" என்று கண்ணைச் சிமிட்டுவாள். அத்தைக்கு இந்த இரானி கடை விவகாரம் கடைசி வரை தெரியாது.

ரயில் பாலத்தில் அம்மா நிற்பதில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஏறிப்போய், மேலே நின்று, "சீக்கிரம் வாட்டி, கோயில் மணி அடிச்சிட்டு" என்று என்னைத் திட்டினாள். தமிழ் ஆராதனையில் பாடும்போது மற்றவர்கள் வரிக்கு வரி மூச்சுவிட, இவள் இரண்டு வரியை ஒரே மூச்சில் இழுப்பாள். ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, அத்தையிடம் வந்து கேட்டார்களாம், உங்க தம்பி வீட்டுக்காரிக்கு என்ன மருந்து கொடுக்கிறீங்க என்று. அத்தை பெருமையோடு டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மருந்து இன்னதென்று சொல்லவில்லை.

அப்போதுதான் லெந்து வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து. கறி மீன் கிடையாது, சினிமா கிடையாது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் அத்தை வைத்த ஒரு வழக்கம் இருந்தது. சாம்பல் புதனுக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் பாயில் உட்காரவேண்டும். பாட்டுப் பாடி ஜெபித்த பிறகு, ஒவ்வொருவராக, இந்த லெந்துக்கு எதை விடப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிடிக்காததை விட்டால் செல்லாது. பாகற்காயை விடுகிறேன் என்று ஒரு வருஷம் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்கு எது ரொம்ப ஆசையோ அதைச் சொல், கர்த்தருக்கு முன்னால் சொல் என்பாள். சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷம் அத்தை காப்பியை விட்டாள். அது அவளுக்கு உயிர் போகிற விஷயம். அப்பா சாயங்காலச் சிகரெட்டை விட்டார். நான் சிக்கியை விட்டேன், லோனாவாலாவிலிருந்து வருகிற வேர்க்கடலை மிட்டாய். அம்மாவின் முறை. வழக்கமாகத் தலைக்குப் பூ வைப்பதை விடுவாள். அன்றைக்குப் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவுன்னு சொல்லு" என்று அப்பா எடுத்துக்கொடுத்தார்.

"நீச்சல விடுதேன்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. "அது மருந்துல்லாட்டி?"

"மொதல்ல மருந்தாத்தான் இருந்துச்சு மைனி. இப்ப ஆசையாயிட்டு." அம்மா நிமிரவே இல்லை. "காலையில எந்திச்சதும் மூணு மணி எப்ப வரும்னு இருக்கு. ஜெபத்துல கண்ண மூடுனாலும் அந்தத் தண்ணிதான் நிக்கி. இத வச்சிக்கிட்டுப் பூவ விடுதேன்னு கர்த்தருக்கிட்ட எப்படிப் பொய் சொல்ல?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்குக் கிறுக்கா? நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கால்லா?"

எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவள் யோசித்தாள். மருந்து என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கோ தர்மசங்கடம். கணக்கில் ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு ஒரு விதி என்று வைக்க அவளால் ஆகாது. "வாயால சொல்லியாச்சு. நாப்பது நாள்தான, கடவுள் பாத்துக்கிடுவாரு" என்று ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அம்மா பெரிய தியாகம் பண்ணினாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எனக்கு இப்போதுதான் வேறு மாதிரி தெரிகிறது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு வேறு இடமே இல்லை. எனக்கு இது ஆசை என்று சொல்ல அவளுக்குக் கிடைத்தது, அதை விடுகிறேன் என்று சொல்கிற அந்தப் பாய் மட்டும்தான். சொல்லிவிட்டாள். சொன்னதும் போய்விட்டது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மார்ச் மாசத்து வெயிலும் தூசியும் சேர்ந்து இழுப்பு வந்துவிட்டது. ரயில் பாலத்தில் பழையபடி பாதிப் படியில் நின்றாள். நானும் பழையபடி கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு போனதுகூடப் பெரிசில்லை. மூன்று மணி ஆனால் போதும், அவளைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வாசலுக்கு வருவாள், உள்ளே போவாள். இருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்குவாள். நான் ஏதாவது கேட்டால் சுள்ளென்று விழுவாள். மெரூன் உடுப்பு கதவுக்குப் பின்னால் ஆணியில் காய்ந்து விறைத்துத் தொங்கியது. ஒரு நாள் அதில் முகத்தை வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் தூசி தட்டுகிற மாதிரி தட்டினாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மாவுஷி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆயி குடே?" என்றாள், அம்மா எங்கே என்று. உபவாசம் என்றேன். எங்களுக்கும்தான் உபவாசம் உண்டு, அதற்குச் சோற்றைத்தானே விடவேண்டும், தண்ணீரை யாராவது விடுவார்களா என்று சிரித்தாள். அம்மாவிடம் வந்து சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறு போய், பெரிய வெள்ளி போய், ஒரு வழியாக ஈஸ்டர் வந்தது. விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் அத்தை முதல் காரியமாக டிகாக்‌ஷன் இறக்கினாள். அப்பா வாசலில் நின்று கண்ணை மூடிச் சிகரெட்டை இழுத்தார். நான் சிக்கியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன். சாயங்காலம் அம்மா ஒயர் கூடையைத் துடைத்துக்கொண்டே, "நாளன்னைக்கு டேங்குக்குப் போறேன்" என்றாள்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "அதான் அது இல்லாம இருந்து காட்டியாச்சுல்லா. இனி எதுக்கு?" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் அப்படித்தான் பேசுவார், எல்லாவற்றையும் பேப்பருக்குப் பின்னால் இருந்து. அம்மாவின் கை கூடைமேல் நின்றுவிட்டது. கூடையை மறுபடி ஆணியில் மாட்டினாள். அப்பா பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஈஸ்டர் திங்கள். அன்றைக்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து பிக்னிக் போவது வழக்கம். ஒரு பெரிய டிரக்கில் பெஞ்சு போட்டு, டேக்சாவில் பிரியாணியை ஏற்றிக்கொண்டு, கடக்வாஸ்லா ஏரிக்குப் போனோம். நாற்பது நாள் கறியில்லாத வாய். ஏப்ரல் வெயில். மரத்தடியில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் சாய்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டப்பந்தயம். பெண்கள் தட்டுக் கழுவத் தண்ணீருக்குப் போனார்கள். அம்மாவும் போனாள்.

நான் பழத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டு அவளைத் தேடி வந்தேன். முழங்கால் தண்ணீரில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் இருந்த தட்டை அலசி ஐயரம்மாவிடம் கொடுத்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் சுற்றினாள். அப்படியே முன்னால் சாய்ந்தாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஐயரம்மா தட்டைத் தவறவிட்டுவிட்டார்கள். நடுவில் கயிறு இல்லை, சுவர் இல்லை, மாவுஷி இல்லை. அம்மா நேராக ஏரியின் நடுவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். தலை தூக்கின மாதிரியே, கை விரித்து விரித்து. ஈஸ்டருக்கு எடுத்த வெங்காயக் கலர் சேலை பின்னால் உப்பிக்கொண்டு போனது. எனக்குப் பயமே இல்லை. அந்த நீச்சலை நான் மாசக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த வேறு யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சேலை கட்டின ஒரு பொம்பளை தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கிறாள் என்பதுதான். "என்னமோ வீட்டுல சண்டை போல" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா ஓடி வந்தார். முந்தின நாள் தான் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வீட்டில் அம்மாவை 'இந்தா' என்பார், மிஞ்சினால் என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவார். அன்றைக்கு அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, பூட்ஸோடு, பேண்டோடு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பு, மார்பு, கழுத்து. நீந்தத் தெரியாத மனுஷன். கால் வழுக்கி உள்ளே போய்விட்டார்.

அம்மா அவர் குரலைக் கேட்டுத் திரும்பியிருந்தாள். அவள் வந்த வேகத்தை டேங்கில் ஒரு நாளும் பார்த்ததில்லை. சட்டைக் காலரைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டாள். அப்பா குப்புறக் கிடந்து தண்ணீராக வாந்தி எடுத்தார். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இனி தண்ணிப்பக்கம் போகமாட்டேன்னு சொல்லு."

"நான் எங்கயும் போகல. சும்மா நீந்தத்தான் போனேன்" என்றாள் அம்மா.

"சொல்லு" என்றார் அப்பா. அழுதார். இத்தனை பேருக்கு முன்னால், ஐயர் நிற்க, ஐயரம்மா நிற்க, ஆபீஸ்காரர்கள் நிற்க, எங்கப்பா அழுதார்.

அம்மா அவரைப் பார்த்தாள். திரும்பி ஏரியை ஒரு தரம் பார்த்தாள். "போகமாட்டேன்" என்றாள்.

டிரக்கில் திரும்பும்போது அத்தை தன் சேலைத் தலைப்பால் அம்மாவின் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "அன்னைக்கு நான் மருந்துன்னே சொல்லியிருக்கணும்" என்றாள், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் அம்மா மடியில் படுத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. யாரும் தடுத்துக் காவல் இருக்கவில்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை. "மருந்தாச்சா" என்று அப்பாவும் கேட்பதில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை திட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மாத்திரை எழுதினார்கள், அப்புறம் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து. கோவிலில் அம்மா வரிக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கிப் பாடினாள், பிறகு உதட்டை மட்டும் அசைத்தாள். மூன்று மணிக்குப் பாத்திரம் துலக்குகிற வழக்கம் மட்டும் நின்றபாடில்லை. எனக்கும் டேங்க் போனது, இரானி கடை போனது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ வெண்ணெய் தின்றாயிற்று, அந்தப் பன் மஸ்காவின் ருசி எதிலும் இல்லை. எங்கம்மா கண்ணைச் சிமிட்டினதும் அதில் சேர்த்திதான்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா ரிட்டயர் ஆகி, புனேயை ஒட்டின சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்பில் இரண்டாம் மாடி ஃபிளாட் வாங்கினார். அத்தை அதற்குள் கர்த்தரிடம் போய்விட்டாள். அந்த இரண்டு மாடியை ஏற அம்மாவுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டிருந்தோம். அந்த வருஷம்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், சாயங்காலம் லோக்கல் ரயிலைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"லெந்துக்கு விட்டத ஈஸ்டருக்கு எல்லாரும் திரும்ப எடுத்துக்கிடுதோம். அக்கா காப்பிய எடுத்துக்கிட்டா, நான் சிகரெட்ட எடுத்துக்கிட்டேன். உங்கம்மா மட்டுந்தான் எடுத்துக்கிடல."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

"ஏரிக்கரையில பயத்துல சொன்னதுட்டி அது. அடுத்த ஈஸ்டருக்குக் கேப்பான்னு பாத்தேன். கேட்டா போயிட்டு வான்னு சொல்லணும்னு வச்சிருந்தேன். ஒவ்வொரு வருசமும் வச்சிருந்தேன். அவ கேக்கவே இல்ல."

"நீங்களாச் சொல்லியிருக்கலாம்லாப்பா."

"சொன்னா போயிருவாளே. போயிட்டுத் திரும்பி வரணுமே" என்றார். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வந்ததும் சொல்லிருதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் சொன்னார். மத்தியான நேரம். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் புதிதாக ஒரு டேங்க் கட்டியிருக்கிறார்களாம், பெண்களுக்குத் தனி நேரமும் உண்டாம் என்று சுற்றி வளைத்தார். அம்மா தோலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டு வாயேன்" என்றார்.

"எங்க?"

"நீந்த. அன்னைக்குச் சொன்னத நான் எடுத்துக்கிடுதேன். எனக்கு அப்பமே எடுத்துக்கிடணும்னுதான் இருந்துச்சு. நீ கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

அம்மா கையிலிருந்த சுளையை ஒரு கொட்டை விடாமல் எடுத்து முடித்தாள். போகிறேன் என்று சொல், சொல் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீங்க சொல்லட்டும்னு நானும் இருந்தேன்" என்றாள். "மொத நாலஞ்சு வருசம் மூணு மணியானா கையெல்லாம் தவிக்கும். பாத்திரம் வெளக்குத சாக்குல தண்ணிக்குள்ளயே கைய வச்சிக்கிட்டு இருப்பேன். பெறவு ஒரு நா நிமிந்து பாத்தா மணி நாலு. மூணு ஆனதும் தெரியல, போனதும் தெரியல. அன்னைக்குத்தான் உக்காந்து அழுதேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

"இப்பப் போயேன். நான் வேணும்னா கூட வந்து கரையில உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா.

"இப்பப் போனா மருந்துக்குத்தான் போகணும்" என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுச் சுளையை அவர் வாயில் வைத்தாள். அப்பா அதை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.